உயர்ந்த மாதிரி வீதமும் கேட்கும் செவியும்: இசைப்பிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்



மைக்கிலிருந்து வரும் மின்னலையின் உயரத்தை நொடிக்கு எத்தனை முறை அளந்து எண்ணாகக் குறித்துவைக்கிறார்கள் என்பதே மாதிரி வீதம். பதிவுக்கூடங்களில் இதைச் சாம்பிளிங் ரேட் என்பார்கள். சிடியில் இது 44,100. திரைப்படத்திலும் தொலைக்காட்சியிலும் 48,000. ஹை-ரெஸ் முத்திரையோடு கூடுதல் விலைக்கு விற்கும் கோப்புகளில் 96,000 அல்லது 1,92,000. எண் பெரிதானால் ஒலியும் நயமாகும் என்ற நம்பிக்கையின் மேல்தான் அந்த வியாபாரம் நிற்கிறது. கேட்பதற்காக வாங்கும் பாட்டைப் பொறுத்தவரை, அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் மிக மெலிந்தது. பாட்டை உருவாக்கும் இடத்திலும் பழைய ஒலியைப் பாதுகாக்கும் இடத்திலும் உயர்ந்த வீதத்துக்கு மெய்யான வேலை இருக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால், நல்ல ஸ்பீக்கருக்கும் அறையின் எதிரொலியை அடக்குவதற்கும் போகவேண்டிய பணம் செவிக்கு எட்டாத அதிர்வெண்களுக்குப் போய்விடுகிறது.

மாதிரி வீதம் ஒலியில் எதைத் தீர்மானிக்கிறது என்பதை முதலில் பார்க்கவேண்டும். பதிவில் இடம்பெறக்கூடிய மிக உயர்ந்த அதிர்வெண் எது என்ற ஒன்றை மட்டுமே அது தீர்மானிக்கிறது. ஓர் அலையில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட வீதத்தில் மாதிரி எடுத்தால், அந்த அலையை முழுமையாக மீட்டுவிடலாம். தந்திச் செய்திகளைப் பற்றி 1928இல் ஹாரி நைக்விஸ்ட் எழுதிய கட்டுரையில் இதன் வேர் இருக்கிறது. சோவியத் நாட்டில் விளாடிமிர் கோட்டெல்னிகோவ் 1933இல் இதைத் தனியே நிறுவினார். கிளாட் ஷானன் 1949இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு இது தொடர்பியல் படிப்பின் அடிப்படைப் பாடமானது. இந்தத் தேற்றத்தில் கவனிக்கவேண்டியது ‘முழுமையாக’ என்ற சொல்தான். இரண்டு மாதிரிகளுக்கு இடையில் அலை எப்படி ஏறி இறங்கியது என்பது தொலைந்துபோவதில்லை. அலையில் ஓர் எல்லைக்கு மேல் அதிர்வெண் எதுவும் இல்லை என்று உறுதி செய்துவிட்டால், அந்தப் புள்ளிகள் வழியே செல்லக்கூடிய வளைகோடு ஒன்றே ஒன்றுதான். வட்டம் என்று முன்கூட்டியே தெரிந்த ஒன்றை மீட்டு வரைய மூன்று புள்ளி போதும். நான்காவது புள்ளி வைத்தால் வட்டம் இன்னும் வட்டமாகிவிடாது.

விளம்பரங்களில் வரும் படிக்கட்டுப் படம் இந்த இடத்தில்தான் ஆளைத் திசைதிருப்புகிறது. அதில் சிடியின் அலை முரட்டுப் படிகளாகவும், 192 கிலோஹெர்ட்ஸ் அலை நுணுக்கமான படிகளாகவும், ‘அசல்’ அலை வழுவழுப்பான கோடாகவும் இருக்கும். கோப்பில் சேமிக்கப்பட்டிருப்பவை தனித்தனிப் புள்ளிகளே. அவற்றைப் படிக்கட்டாக இணைத்தது படம் வரைந்தவரின் கை. எண்ணை மின்னலையாக மாற்றும் கருவியின் உள்ளே சில கட்டங்களில் படிபோன்ற வடிவம் தோன்றுவது உண்மை. ஆனால் அந்தப் படிகளின் கூர்முனைகள் எல்லாம் செவி கேட்கும் எல்லைக்கு மேற்பட்ட அதிர்வெண்களால் ஆனவை. வெளியே வருவதற்கு முன் ஃபில்டர் அவற்றை நீக்கிவிடும். ஆகவே வெளிவரும் அலையில் படியே கிடையாது.

ஓக் வோர்பிஸ் வடிவத்தை உருவாக்கிய கிறிஸ் மாண்ட்கோமரி 2013இல் வெளியிட்ட காணொளியில் இதைக் கண்ணாலேயே காணலாம். அதில் ஒலியலையை உண்டாக்குவதும் அனலாக் கருவி, இறுதியில் அதைத் திரையில் காட்டுவதும் பழைய அனலாக் அலைகாட்டி. இரண்டுக்கும் நடுவில் மட்டும், சிடியின் வீதத்தில் எண்ணாக மாற்றித் திரும்ப அலையாக்கும் சாதாரணக் கருவி ஒன்று. அதிர்வெண்ணை 20 கிலோஹெர்ட்ஸ் வரை உயர்த்துகிறார். அந்த உயரத்தில் ஓர் அலைச் சுற்றுக்கு இரண்டுக்குச் சற்று மேற்பட்ட மாதிரிகள்தான் கிடைக்கும். கணினித் திரையில் அந்தப் புள்ளிகளை மட்டும் பார்த்தால் ஒழுங்கற்ற கிறுக்கல் போலிருக்கும். அலைகாட்டியில் வெளிவருவதோ உள்ளே போன அதே வழுவழுப்பான சைன் அலை. ஹை-ரெஸ் பற்றிய வாதத்தில் பாதி இந்த ஒரு காட்சியோடு தீர்ந்துவிடும்.

அடுத்த கேள்வி செவியைப் பற்றியது. நல்ல செவியுள்ள இளைஞருக்கு 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பது பாடநூல் கணக்கு. வயது ஏற ஏற மேல் எல்லை இறங்கிக்கொண்டே வரும்; நடுவயதைத் தாண்டிய பலருக்கு 15 கிலோஹெர்ட்ஸே அரிது. 44,100 மாதிரிகள் 22.05 கிலோஹெர்ட்ஸ் வரை கொள்ளும். 96,000 மாதிரிகள் 48 வரைக்கும், 1,92,000 மாதிரிகள் 96 வரைக்கும் கொள்ளும். 20 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே இம்மூன்றிலும் இருப்பது ஒரே ஒலி. கூடுதல் மாதிரிகள் எல்லாம் அந்த எல்லைக்கு மேலே, நாய், வௌவால் போன்றவற்றுக்கே கேட்கும் வெளியில் போய்ச் சேருகின்றன.

வாத்தியங்களில் அந்த அதிர்வெண்கள் இல்லையா என்றால், இருக்கின்றன. அமெரிக்காவின் கால்டெக் நிறுவனத்தில் ஜேம்ஸ் பாய்க் செய்த அளவீட்டில், ஒரு சிம்பல் மோதலின் ஆற்றலில் ஏறத்தாழ 40 விழுக்காடு 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இருந்தது. ஹை-ரெஸ் ஆதரவாளர்கள் இந்த எண்ணை அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். வாத்தியம் எழுப்புகிறது என்பதற்கு அது நல்ல சான்று. மனிதர் கேட்கிறார் என்பதற்கு அது சான்றாகாது. சாவிக்கொத்தைக் குலுக்கினாலும்தான் மீயொலி வரும்.

44,100 என்ற விசித்திரமான எண் செவியைப் பார்த்து வந்ததல்ல, வீடியோ நாடாவிலிருந்து வந்தது. 1970களின் பிற்பகுதியில் எண்ணாக மாறிய ஒலியைச் சேமிக்க இடம் கொண்ட மலிவான சாதனமாக வீடியோ ரிக்கார்டரே இருந்தது. ஒலி எண்களைக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக்கிப் படமாகவே அதில் பதிந்தார்கள். அமெரிக்க, ஜப்பானிய முறையில் நொடிக்கு 60 புலங்கள், ஒவ்வொன்றிலும் பயன்படக்கூடிய 245 வரிகள், வரிக்கு 3 மாதிரிகள்: பெருக்கினால் 44,100. ஐரோப்பிய முறையில் 50, 294, 3: அங்கும் 44,100. இரண்டு முறைகளுக்கும் பொதுவாக அமைந்த அந்த எண் 1980இல் சோனியும் பிலிப்ஸும் வகுத்த சிடி தரத்தில் நிலைத்தது. 1982 அக்டோபரில் ஜப்பானில் சிடி விற்பனைக்கு வந்தது.

தற்செயலாக அமைந்த அந்த எண்ணில் ஒரு குறை இருந்தது. ஹை-ரெஸ் தரப்பின் வலுவான வாதம் அந்தக் குறையிலிருந்துதான் எழுகிறது. மாதிரி எடுப்பதற்கு முன், பாதி வீதத்துக்கு மேற்பட்ட ஒலியைக் கட்டாயம் நீக்கியாகவேண்டும். நீக்காவிட்டால் அது மடங்கிக் கீழே விழும். 25 கிலோஹெர்ட்ஸ் ஒலி, சிடி வீதத்தில் 19.1 கிலோஹெர்ட்ஸ் ஒலியாக வேடம் மாறி உள்ளே வந்துவிடும். 20 கிலோஹெர்ட்ஸ் வரை எதையும் தொடாமல் விட்டு, 22.05க்குள் எல்லாவற்றையும் அடைக்கவேண்டுமானால், ஃபில்டர் செங்குத்துச் சுவர்போல் இருக்கவேண்டும். தொடக்ககாலக் கருவிகளில் அதை அனலாக் உறுப்புகளைக் கொண்டே கட்டினார்கள். அவை உச்ச அதிர்வெண்களில் அலைகளின் கட்டத்தை (ஃபேஸ்) குலைத்தன. உறுப்புகளின் மதிப்பு சற்று விலகினாலும் நடத்தை மாறியது. முதல் தலைமுறை சிடி ஒலி கரடுமுரடாக இருந்தது என்று சொன்ன பழைய ரசிகர்கள் பொய் சொல்லவில்லை.

அந்தக் குறைக்கு மருந்தும் அதே காலத்திலேயே வந்துவிட்டது. பிலிப்ஸின் முதல் சிடி கருவியே, தட்டிலிருந்து படித்த 44,100 மாதிரிகளைக் கணக்கிட்டு நான்கு மடங்காக்கி, 1,76,400 வீதத்தில்தான் அலையாக மாற்றியது. செங்குத்துச் சுவர் வேலையை எண்கணித ஃபில்டர் துல்லியமாகச் செய்துவிட, அனலாக் பக்கத்தில் மென்மையான சரிவே போதுமானதாயிற்று. இன்றைக்குக் கைப்பேசியில் இருக்கும் சில்லு முதல் பதிவுக்கூடக் கருவி வரை அநேகமாக எல்லாமே உள்ளுக்குள் பல மெகாஹெர்ட்ஸ் வீதத்தில்தான் மாதிரி எடுக்கின்றன, பிறகு 44.1க்கோ 48க்கோ கணித வழியில் சுருக்குகின்றன. அதாவது உயர்ந்த வீதத்தின் நன்மை, கோப்பை உயர்ந்த வீதத்தில் சேமிக்காமலே கருவிக்குள் கிடைத்துவிடுகிறது. இதற்குப் பிறகும் 20க்கும் 22.05க்கும் இடையிலான சந்து குறுகலானது என்று ஒருவர் கருதினால், 48 அல்லது 88.2 அதற்கு ஏராளம். ஒலி மாற்றிகளை வடிவமைப்பதில் பேர்பெற்ற டான் லாவ்ரியும், 60 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய வீதமே செவிக்கு உகந்தது, நடைமுறையிலுள்ள தரங்களில் 88.2 அல்லது 96 போதும், 192 துல்லியத்தைக் குறைக்கிறது என்றுதான் வாதிட்டார். வேகமாக அளக்க அளக்க ஒவ்வோர் அளவுக்கும் கிடைக்கும் நேரம் குறையும் என்பது அவர் காட்டிய காரணம்.

கால நுட்பம் என்ற இன்னொரு வாதமும் அடிக்கடி எழும். இரண்டு மாதிரிகளுக்கு இடையில் சிடியில் ஏறத்தாழ 22.7 மைக்ரோநொடி ஓடுகிறது. இரு செவிகளையும் ஒலி வந்தடையும் நேர வேறுபாட்டை மனிதர் 10 மைக்ரோநொடி அளவிலேயே உணர்கிறார். ஆகவே சிடியால் ஒலியின் திசையைச் சரியாகக் காட்ட முடியாது என்பார்கள். கணக்கு சரிபோலத் தோன்றினாலும் அடிப்படை தவறு. ஓர் அலை எப்போது தொடங்கியது என்ற செய்தி எந்த மாதிரியில் விழுந்தது என்பதில் மட்டும் இல்லை. அடுத்தடுத்த மாதிரிகளின் உயரங்களிலும் அது பொதிந்திருக்கிறது. அலையை ஒரு மாதிரி இடைவெளியில் நூறில் ஒரு பங்கு தள்ளினாலும் எல்லா எண்களும் அதற்கேற்ப மாறும். திரும்ப அலையாகும்போது அதே அளவு தள்ளியே வெளிவரும். 16 பிட் ஆழத்தில், அதாவது ஒவ்வொரு மாதிரியையும் 16 இரும இலக்கங்களில் குறித்தால், உரத்த ஓர் உச்சஸ்தாயி அலையின் நேரத்தை ஒரு நானோநொடிக்கும் குறைவான துல்லியத்தில் குறிக்க முடியும்.

உயர்ந்த வீதம் கேட்பவருக்குப் பயன்படாது என்பதோடு விஷயம் முடிவதில்லை. சில வேளைகளில் அது கெடுக்கவும் செய்யும். எந்த ஆம்ப்ளிஃபையரும் எந்த ஸ்பீக்கரும் முழு நேர்மையோடு நடப்பதில்லை. இரண்டு அலைகள் ஒன்றாகச் செல்லும்போது, அவற்றின் அதிர்வெண்களின் கூட்டலிலும் வேறுபாட்டிலும் புதிய அலைகள் சிறிதளவு பிறக்கும். கோப்பில் 30 கிலோஹெர்ட்ஸும் 33 கிலோஹெர்ட்ஸும் இருந்தால் 3 கிலோஹெர்ட்ஸில் ஒரு போலி ஒலி எழலாம். செவி மிகக் கூர்மையாக இருக்கும் இடம் அது. பாடகர் பாடாத அந்த ஒலியைக் கேட்டு, ‘புது நுணுக்கம் தெரிகிறது’ என்று ஒருவர் மகிழவும் கூடும். ஜப்பானில் காவோரு அஷிஹாராவும் ஷோகோ கிர்யூவும் 2001இல் இதைச் சோதித்தார்கள். 22 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட கூறுகளையும் கேட்கக்கூடிய கூறுகளையும் ஒரே ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டபோது கேட்டவர்களால் வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடிந்தது. தனித்தனி ஸ்பீக்கர்களில் பிரித்து ஒலிக்கவிட்டதும் அந்த வேறுபாடு மறைந்தது. அவர்கள் முன்பு கேட்டது மீயொலி அல்ல, ஸ்பீக்கரின் திரிபு.

கேட்டுப் பார்த்த சோதனைகளில் மூன்று முக்கியமானவை. முதலாவது ஜப்பானியரான ட்சுதோமு ஓஹாஷியின் குழு 2000இல் வெளியிட்டது. பாலித் தீவின் கமெலான் இசையை மீயொலியோடும் மீயொலி இல்லாமலும் ஒலிக்கவிட்டு மூளையின் மின்னலைகளையும் இரத்த ஓட்டத்தையும் அளந்தார்கள். மீயொலி சேர்ந்திருந்தபோது சில மாற்றங்கள் தெரிந்தன என்றார்கள். மீயொலியை மட்டும் தனியே ஒலித்தபோது மாற்றம் இல்லை. ஜப்பானின் என்ஹெச்கே ஒலிபரப்பு நிறுவன ஆய்வாளர்கள் பிறகு கவனமாகக் கட்டிய அமைப்பில் நடத்திய, கேட்டுப் பார்க்கும் சோதனையில், மிக உயர்ந்த கூறுகள் உள்ள இசைக்கும் இல்லாத இசைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு கிடைக்கவில்லை. ஓஹாஷியின் ஆய்வை மேற்கோள் காட்டுபவர்கள் இந்த இரண்டாவது செய்தியையும் சேர்த்துச் சொல்வது நேர்மை.

இரண்டாவது, ஈ. பிராட் மேயரும் டேவிட் மோரனும் 2007இல் ஒலிப் பொறியாளர் சங்கத்தின் ஆய்விதழில் வெளியிட்டது. எஸ்ஏசிடி, டிவிடி-ஆடியோ என்னும் ஹை-ரெஸ் தட்டுகளை நல்ல கருவிகளில் ஓடவிட்டு, ஒலியை ஒரு பாதையில் நேரடியாகவும் மற்றொன்றில் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் மாற்றி ஒன்றின் வழியாகவும் அனுப்பினார்கள். எது எது என்று கேட்பவருக்குத் தெரியாது. 554 முறை கேட்டதில் சரியான விடை 276. நாணயம் சுண்டினால் கிடைக்கும் விகிதம். ஒலிப்பதிவுத் தொழில் செய்வோரும் இசைத்தட்டு ஆர்வலர்களும் கேட்டவர்களில் இருந்தார்கள். பாட்டு இல்லாத அமைதியான இடத்தில் ஒலியளவை மிக அதிகமாக ஏற்றினால் மட்டும் 16 பிட்டின் இரைச்சல் கேட்டது. அது பிட் ஆழத்தின் விளைவு, மாதிரி வீதத்தின் விளைவல்ல.

மூன்றாவது, லண்டனின் குயின் மேரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஷுவா ரைஸ் 2016இல் அதே இதழில் வெளியிட்ட தொகுப்பாய்வு. 18 ஆய்வுகளையும் 12,500க்கு மேற்பட்ட முயற்சிகளையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தார். மொத்தத்தில் சரியான விடை 52 விழுக்காட்டை ஒட்டி வந்தது. முன்கூட்டிப் பயிற்சி அளிக்கப்பட்டவர்களிடம் 60 விழுக்காட்டை ஒட்டி. வேறுபாடு சிறிது, ஆனால் தற்செயல் என்று ஒதுக்க முடியாதது என்பது அவர் முடிவு. இதை மறைப்பது சரியல்ல, 44.1க்கு மேல் எதுவுமே யாருக்கும் ஒருபோதும் தெரியாது என்று அடித்துச் சொல்ல இந்த ஆய்வு இடம் தரவில்லை. ஆனால் அந்த வேறுபாட்டுக்குக் காரணம் மீயொலியா, ஃபில்டரா, கருவியின் திரிபா என்பதை அந்தத் தொகுப்பு தீர்க்கவில்லை. தரம் உயர்ந்தது என்றும் அது சொல்லவில்லை, வேறுபாடு தெரிந்தது என்று மட்டுமே சொல்கிறது. பயிற்சி பெற்ற செவிகள், அமைதியான அறையில், அதே சில நொடிகளைத் திரும்பத் திரும்பக் கேட்டும் பத்துக்கு ஆறு என்ற அளவில் நிற்கும் ஒரு வேறுபாடு, மாலையில் சாய்ந்து உட்கார்ந்து பாட்டுக் கேட்பவருக்கு ‘திரை விலகியது போல’ இருக்க வழியில்லை.

அப்படியானால் ஹை-ரெஸ் கோப்பு நன்றாகவே இருக்கிறதே என்று சொல்பவர் பலரின் அனுபவம் பொய்யா? பெரும்பாலும் பொய்யல்ல. மேயரும் மோரனும் கூட, தாங்கள் ஓடவிட்ட தட்டுகள் சாதாரண சிடிகளைவிட நன்றாக ஒலித்தன என்று எழுதினார்கள்; அந்த நயம் 44.1 மாற்றியின் வழியே போன பிறகும் குறையவில்லை. நயத்தின் ஊற்று மாஸ்டரிங், அதாவது வெளியிடுவதற்கு முன் பாட்டுக்குச் செய்யும் இறுதி ஒலிச்சீரமைப்பு. கவனமாகக் கேட்கும் சிறு சந்தைக்காகத் தயாரிக்கும்போது பொறியாளர் பாட்டை மூச்சுவிட அனுமதிக்கிறார். பெருஞ்சந்தைக்கான பதிப்பிலோ, மற்றப் பாட்டுகளைவிட உரத்து ஒலிக்கவேண்டும் என்ற நெருக்கடியில் மெல்லிய இடங்களை எல்லாம் மேலே தூக்கி, உச்சங்களை வெட்டி, எல்லாம் ஒரே மட்டமாக்கிவிடுகிறார்கள். 2008இல் வந்த மெட்டாலிகாவின் ‘டெத் மாக்னெடிக்’ தொகுப்பு இதற்குப் பேர்போன சான்று. அதே பாட்டுகள் ‘கிட்டார் ஹீரோ’ விளையாட்டுக்காக வந்தபோது அவ்வளவு நசுக்கப்படாமல் இருந்தன. ரசிகர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கொதித்தார்கள். அந்த வேறுபாட்டை யார் செவியும் சில நொடிகளில் பிடித்துவிடும். அதில் மாதிரி வீதத்துக்கு எந்தப் பங்கும் இல்லை.

ஒலியளவும் ஏமாற்றும். ஒரே பாட்டின் இரண்டு பதிப்புகளில் ஒன்று அரை டெசிபல் உரத்திருந்தால், கேட்பவர் ‘உரத்திருக்கிறது’ என்று சொல்லமாட்டார். ‘தெளிவாக இருக்கிறது’, ‘உடம்பு இருக்கிறது’ என்பார். இதனால்தான் முறையான சோதனைகளில் இரண்டு பக்கத்தையும் 0.1 டெசிபல் அளவுக்குச் சமப்படுத்திய பிறகே கேட்கவைக்கிறார்கள்.

1982இல் வந்த டொனால்ட் ஃபேகனின் ‘த நைட்ஃபிளை’ தொகுப்பு இங்கே நினைவுகூரத்தக்கது. பல ஆண்டுகள் ஒலிப் பொறியாளர்களும் கருவிக் கடைக்காரர்களும் ஸ்பீக்கரைச் சோதிக்க எடுத்து ஓடவிட்ட தட்டு அது. பதிவானது 3எம் நிறுவனத்தின் எண்ணிமப் பதிவுக் கருவியில், 50 கிலோஹெர்ட்ஸ் வீதத்தில். அதில் 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் இல்லை, இருக்கவும் முடியாது. பின்னாளில் அது டிவிடி-ஆடியோவாகவும் வந்தது. மூலத்தில் இல்லாததை எந்த வடிவமும் கொண்டுவந்து சேர்க்காது.

கடையில் விற்கும் கோப்புகளிலும் இதையே பார்க்கலாம். 96 கிலோஹெர்ட்ஸ் என்று பேர்போட்ட கோப்பை ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் திறந்து நிறமாலைப் பார்வைக்கு மாற்றினால், கிடைமட்டத்தில் காலமும் செங்குத்தில் அதிர்வெண்ணும் விரியும். பாட்டு ஓடும் இடமெல்லாம் ஒளிர்ந்து, மேலே போகப் போக மங்கவேண்டும். சில கோப்புகளில் 22 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் அரிந்ததுபோல ஒரு நேர்க்கோடு தெரியும். அதற்கு மேல் வெறும் கறுப்பு. 44.1இல் முடிந்த மாஸ்டரை எடுத்துப் பெரிய கோப்பில் ஊற்றியிருக்கிறார்கள் என்பதற்கு வலுவான அறிகுறி அது. 24 கிலோஹெர்ட்ஸில் அப்படிக் கோடு விழுந்தால் மூலம் 48. இன்னும் சிலவற்றில் மேற்பகுதி முழுக்கச் சீரான மூட்டமாக இருக்கும். பாட்டு ஏறினாலும் இறங்கினாலும் அது மாறாது. அது பழைய காந்த நாடாவின் இரைச்சலாகவோ மாற்றியின் இரைச்சலாகவோதான் இருக்கும். இதற்கு ரசிகர் கொடுக்கும் விலை கோப்பின் அளவிலும் தெரியும்: சுருக்காத நிலையில் சிடித் தரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 10.6 மெகாபைட், 192 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஏறத்தாழ 69 மெகாபைட்.

சந்தையிலும் இந்த எண்களை நம்பி வந்த பல முயற்சிகள் நெடுநாள் தாக்குப்பிடிக்கவில்லை. 1999இல் எஸ்ஏசிடியும் 2000இல் டிவிடி-ஆடியோவும் வந்தன, பொதுமக்களிடம் வேரூன்றவில்லை. பாடகர் நீல் யங் பொதுமக்களிடம் பெரும் நிதி திரட்டித் தொடங்கிய ஹை-ரெஸ் இசைச் சேவையான போனோ 2017இல் முடிந்தது. எம்க்யூஏ என்னும் ஹை-ரெஸ் வடிவத்தின் நிறுவனம் 2023இல் திவால் நிர்வாகத்துக்குள் போனது.

இனி, உயர்ந்த வீதம் உண்மையிலேயே பயன்படும் இடங்கள். பாட்டை மிக்ஸ் செய்யும்போது கிட்டார் திரிபு, சாச்சுரேஷன், கம்ப்ரஸர் போன்ற கருவிகள் புதிய மேற்சுரங்களைப் பிறப்பிக்கின்றன. 44.1 கிலோஹெர்ட்ஸ் திட்டத்தில் 9 கிலோஹெர்ட்ஸ் அலை ஒன்றைச் சாச்சுரேஷனுக்குள் விட்டால், மூன்றாவது மேற்சுரம் 27 கிலோஹெர்ட்ஸில் பிறந்து 17.1க்கு மடங்கும். ஐந்தாவது 45 கிலோஹெர்ட்ஸில் பிறந்து 900 ஹெர்ட்ஸில் வந்து விழும். மூல அலைக்கும் அதற்கும் எந்தச் சுர உறவும் கிடையாது. பாட்டின் நடுவில் அபசுரமாக உட்காரும். அதே வேலையை 96 கிலோஹெர்ட்ஸில் செய்தால் 27ம் 45ம் தத்தம் இடத்திலேயே செவிக்கு எட்டாமல் நின்றுவிடும், கடைசியில் 44.1க்குச் சுருக்கும்போது ஃபில்டர் நீக்கிவிடும். நல்ல மென்பொருள் கருவிகள் பல உள்ளுக்குள்ளேயே வீதத்தை நான்கு அல்லது எட்டு மடங்காக்கி இந்தச் சிக்கலைத் தவிர்க்கின்றன. அந்த வசதி இல்லாத கருவியைப் பயன்படுத்துபவர் திட்டத்தை 96இல் வைத்துக்கொள்வது அறிவுடைமை.

பாடகர் தன் குரலை ஹெட்ஃபோனில் கேட்டபடி பாடும்போது தாமதமும் குறையும்: 128 மாதிரித் தாங்கல் (பஃபர்) 44.1இல் 2.9 மில்லிநொடி, 96இல் 1.3 மில்லிநொடி. ஒலியை மெதுவாக்கி வேலை செய்பவருக்கும் உயர்ந்த வீதம் தேவை. 192இல் பதிந்த சிம்பலை நான்கு மடங்கு மெதுவாக்கினால், 80 கிலோஹெர்ட்ஸில் இருந்தது 20க்கு இறங்கி வரும், மைக் அதைப் பிடித்திருந்தால். வௌவால் ஆய்வாளர்கள் 256, 384 கிலோஹெர்ட்ஸ் கருவிகளை வைத்திருப்பதும் இதற்குத்தான்.

ஆவணக்காப்பு இன்னும் முக்கியமான களம். 78 சுழற்சி இசைத்தட்டுகளில் இருக்கும் இசை 10 கிலோஹெர்ட்ஸைத் தாண்டுவது அரிது; ஆனால் கீறலால் எழும் ‘டிக்’ ஓசை மிகக் குறுகியது, அதன் ஆற்றல் மிக உயரம் வரை பரவியிருக்கும். உயர்ந்த வீதத்தில் பதிந்தால் அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது கூர்மையாகத் தெரியும். மென்பொருளால் இசையைத் தொடாமல் அதை எடுக்க முடியும். காந்த நாடாவில் பாட்டோடு சேர்ந்து பதிந்துபோன பயாஸ் அலையை (பதிவின்போது கருவியே சேர்க்கும் மிக உயர்ந்த அதிர்வெண் அலை) தனி வாசிப்புத் தலையால் பிடித்தால், அன்றைய கருவியின் ஓட்டத் தடுமாற்றத்தையே திருத்தலாம். உலக ஒலி ஆவணக்காப்பகச் சங்கமான ஐஏஎஸ்ஏ குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று பரிந்துரைப்பதும், காப்பகங்கள் பல 96க்குப் போயிருப்பதும் இந்தக் காரணங்களால். பழைய நாதஸ்வர, நாடகப் பாட்டுத் தட்டுகளைச் சொந்தமாகச் சேகரித்து எண்ணிமமாக்கும் தமிழ் ஆர்வலர்கள் இந்தப் பரிந்துரையைப் பின்பற்றுவது நல்லது; தட்டு ஒவ்வொரு முறை ஓடும்போதும் தேய்கிறது, திரும்பப் பதிய வாய்ப்பு இருக்குமென்று சொல்ல முடியாது.

பிட் ஆழம் வேறு கணக்கு. 16 பிட் ஏறத்தாழ 96 டெசிபல் வீச்சைத் தரும். கேட்பதற்கு அது போதும். பதிவின்போது 24 பிட்டே சரி. கச்சேரியில் மிருதங்கத்தின் தனி எவ்வளவு உயரப்போகிறது என்று முன்கூட்டித் தெரியாது. அளவைத் தாராளமாகக் குறைத்து வைத்துக்கொண்டு பதியலாம், இரைச்சல் மேலெழாது. 44.1க்கும் 192க்கும் இடையே தடுமாறும் வீட்டுப் பதிவாளர், 24 பிட்டைத் தேர்ந்துகொண்டு 48இல் நின்றால் எதையும் இழக்கமாட்டார்.

தன் செவியைத் தானே சோதிக்க விரும்புபவருக்கு வழி எளிது. உண்மையான 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பு ஒன்றை எடுத்து, நல்ல மென்பொருளில் 44.1க்குச் சுருக்கி, மீண்டும் 96க்கு விரித்துச் சேமிக்கவேண்டும். இப்போது இரண்டு கோப்புகளுக்கும் மாஸ்டரிங் ஒன்று, ஒலியளவு ஒன்று; கருவியும் இரண்டையும் ஒரே வீதத்தில்தான் ஓட்டும். ஃபூபார்2000 மென்பொருளின் ஏபிஎக்ஸ் வசதி, பெயரை மறைத்து இரண்டில் ஒன்றை ஒலிக்கவிட்டு எது என்று கேட்கும். 16 முறை செய்து 12 அல்லது அதற்கு மேல் சரியாக வந்தால், வெறும் ஊகத்தில் அப்படி அமைவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. எத்தனை முறை என்பதைத் தொடங்கும் முன்பே முடிவு செய்துகொள்ளவேண்டும். நல்ல விடை வந்ததும் நிறுத்துவது கணக்கைக் கெடுத்துவிடும்.

பன்னிரண்டைத் தொட்டவருக்கு இன்னொரு படி உண்டு. அதே மூலக் கோப்பிலிருந்து 22 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதை மட்டும் வடித்தெடுத்து, ஒலியளவுத் திருகைத் தொடாமல் ஓடவிடவேண்டும். ஸ்பீக்கரிலிருந்து ஏதேனும் கேட்டால், அது ஆம்ப்ளிஃபையரோ ஸ்பீக்கரோ பெற்றெடுத்த திரிபு. அந்த அமைப்பில் சிடித் தரக் கோப்பே சுத்தமாக ஒலிக்கும். எதுவும் கேட்காவிட்டால், வேறுபாட்டின் காரணத்தை வீதம் மாற்றிய மென்பொருளின் ஃபில்டரில் தேடவேண்டும். வேறொரு மென்பொருளால் சுருக்கி, அதே 16 முறையை மறுபடி கேட்டால் தெரிந்துவிடும்.